உப்பு பூத்த சுவர்

அடுப்படிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் உப்பு பூத்து, பூச்சு பொரிந்து, தொட்டால் உதிர்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடக்க, அந்த ஓர் இடத்தில் உப்பும் இல்லை, தூசியும் இல்லை, யாரோ துணியை நனைத்துத் துடைத்துவிட்டுப் போனது போல் சுத்தமாக இருந்தது. காலையில் டீ போட வந்த ருமானா அதைப் பார்த்தாள். விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தரையிலிருந்து அது என்ன உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். மர்யமின் வாய் இருக்கும் உயரம். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மர்யமுக்கு ஆறு வயது. பால்வாடிக்குப் போன காலத்தில் பல்பம் தின்பாள், வெற்றிலைச் சுண்ணாம்பைத் திருடித் தின்பாள். பூச்சி மருந்து கொடுத்து, விரலில் வேப்பெண்ணெய் தடவி, அடித்து, கெஞ்சி, ஒருவழியாக அந்தப் பழக்கத்தை ஒழித்தாகிவிட்டது என்று ருமானா நிம்மதியாக இருந்தாள். இப்போது சுவர். அவள் உள்ளறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"சுவத்த நக்கினியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"நான் இல்லம்மா."

முதல் அறை விழுந்தது. நக்கியதற்கா பொய் சொன்னதற்கா என்று கேட்டால் ருமானாவுக்கே சொல்லத் தெரியாது. பிள்ளை சத்தமில்லாமல் அழுதாள். அந்த வீட்டில் சத்தம் போட்டு அழுதால் முன்கட்டிலிருந்து பெரியத்தாவின் குரல் வரும் என்று ஆறு வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ருமானாவுக்குக் கோபம் வரக் காரணம் தேட வேண்டியதில்லை, அந்த வீடே ஒரு காரணம். பழவேற்காட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால், எப்போதோ கப்பலில் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்தவர்கள் கட்டிய வீடு. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர், ஓர் ஆள் படுக்கிற கனம். முன்கட்டில் கணவரின் அண்ணன் கௌஸ் மைதீன், ருமானாவுக்குப் பெரிய மச்சான், பிள்ளைக்குப் பெரியத்தா; பின்கட்டில் அவள். கணவன் முகம்மது ரியாஸுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். அவன் இருக்கிற ஒரு நாளும் முன்கட்டில்தான் இருப்பான்.

அடுப்படியின் ஓரத்தில் பழைய விறகு அடுப்பு இருந்தது. அதற்கு மேலே சுவருக்குள்ளேயே செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு, கூரையைத் தாண்டி வானம் வரைக்கும் போகும். அடுப்படிக்கும் உள்ளறைக்கும் நடுவில் அது போவதால், உள்ளறைச் சுவர் ஓர் இடத்தில் தூண் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். அடுப்பு எரிந்த காலத்தில் அந்தப் புடைப்பு கதகதப்பாக இருக்குமாம். மழைக்காலத்தில் பிள்ளைகளை அதை ஒட்டித்தான் படுக்க வைப்பார்களாம். அடுப்பு அணைந்து எத்தனையோ காலமான பிறகும் கட்டில் அங்கேயே கிடந்தது. மர்யம் அதில்தான் படுப்பாள். கொஞ்ச நாளாகத் தலையணையைத் தலைக்கு வைக்காமல், அந்தப் புடைப்பின் அடியில் நிறுத்திச் சாத்தி வைத்துவிட்டு வெறும் கட்டையில் படுக்கிறாள். ருமானா ஒவ்வொரு ராத்திரியும் அதை இழுத்துத் தலைக்கு வைப்பாள், காலையில் அது மறுபடி சுவரோரம் போயிருக்கும்.

போன ரம்ஜானில், யாரையும் கேட்காமல், கௌஸ் மைதீன் அந்தப் புகைக்கூண்டை அடைத்துவிட்டார். மழைத் தண்ணீர் இறங்குகிறது, கரி கொட்டுகிறது, கேஸ் அடுப்பு வந்த பிறகு அது எதற்கு என்றார். அதன் வழியாகத்தான் மீன் பொரிக்கிற புகை போகிறது என்று ருமானா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எண்ணெய்ப் புகை வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, அவளுக்குக் கண் எரிகிறது, பிள்ளைக்கு இருமல் நிற்பதில்லை. அடுப்புக்கு மேலே அதன் வாயை அடைத்த இடம், இப்போது ஈரம் தெரிகிற அதே இடம், இன்றுவரை காயவும் இல்லை. வெயில் காலத்தில்கூட ஓதம் அடித்தது, உப்பு பூத்து உதிர்ந்தது, கூட்டிக் கூட்டி அவள் இடுப்பு ஒடிந்தது. போய்ச் சொன்னால், "கடலோரம்னா உப்பு பூக்கத்தான் செய்யும்," என்பார் பெரிய மச்சான். கூட்டுகிறவள் அவள்தானே, சொல்கிறவருக்கு என்ன.

அன்று சாயங்காலம் மிளகாய்த்தூளை வேப்பெண்ணெயில் குழைத்து அந்த ஈர இடத்தில் கெட்டியாக அப்பினாள். அப்பும்போது அவளுக்கே தும்மல் வந்தது. மர்யம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நக்கு இப்ப," என்றாள் ருமானா. "நக்கிப் பாரு."

பிள்ளை சுவரையே பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்தது பயம் என்றுதான் ருமானா நினைத்தாள், பயம்தான் அது. யாரைப் பார்த்துப் பயம் என்பதில்தான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள்.

காலையில் மிளகாய் இல்லை. ஒரு துளிச் சிவப்பு, ஒரு எண்ணெய்க் கறை இல்லாமல் சுவர் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. ஈர இடம் இப்போது முறம் அகலம் இருந்தது. அதன் மேல் விளிம்பு ருமானாவின் தலைக்கும் மேலே போயிருந்தது.

முதலில் அவள் முக்காலியைத் தேடினாள். அது வழக்கமான மூலையில், அரிசி டின்னைச் சுமந்துகொண்டு, அசையாமல் நின்றது. அந்த டின்னை ருமானாவே மூச்சைப் பிடித்துத்தான் நகர்த்துவாள். பிறகு பிள்ளையை இழுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். உதடு வீங்கவில்லை. நாக்கு சிவக்கவில்லை. வாயில் மிளகாய் வாசனையும் இல்லை, வேப்பெண்ணெய்க் கசப்பும் இல்லை, தூங்கி எழுந்த குழந்தையின் வாய் நாற்றம் மட்டும்தான் இருந்தது.

அடித்தது தப்பு என்று ருமானாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்கு வந்தது இன்னும் கொஞ்சம் கோபம்.

மர்யமை விட்டுவிட்டு அவள் சுவரிடம் போனாள். கிட்டே நின்று பார்த்தபோதுதான் கோடுகள் தெரிந்தன. ஈரத்தில் பட்டை பட்டையாக, கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று, வெள்ளையடிக்கிறவன் மட்டையை இழுத்த மாதிரி. ஒவ்வொரு பட்டையும் அவள் கை அகலம். தொட்டுப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்த ஐப்பசிக் காலை, வீடு முழுக்கச் சில்லென்று கிடக்கையில், அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மோந்தாள். பழைய கரி வாசனை.

இந்தப் பக்கம் கரி இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

முன்கட்டில் கௌஸ் மைதீன் நாஷ்டா முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"பெரிய மச்சான், அந்தப் பொகக்கூண்டு அடைச்ச எடத்த ஒடைச்சிப் பாக்கணும்," என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"உள்ள இன்னாவோ இருக்குது. உள்ளேர்ந்து ஈரம் வருது."

"உள்ள கரிதான் இருக்கும். மழ பெஞ்சா சுவரு ஊறாம இன்னா பண்ணும்?"

"ஊறுனா சுடுமா?"

அவர் பல் குத்துவதை நிறுத்தினார். ஒரு கணம் அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்கட்டுப் பக்கம் போய்வந்தது. பிறகு வழக்கமான முகம் திரும்பிவிட்டது.

"புள்ளைய அடக்கி வளக்கத் துப்பு இல்ல, சுவத்த இடிக்க வந்துட்டா. எங்க அத்தா வாழ்ந்த வீடு இது. ஒரு கல்லு பேந்துச்சின்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ருமானா ரியாஸுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மிளகாய், கோடு, சூடு. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் இன்னா சொன்னாரு?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் மழை பெய்தால்கூட அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் குடை பிடிப்பார்கள்.

அடைத்த கொத்தனார் காட்டூர்க்காரர், பெயர் செங்கல்வராயன். பேருக்கு ஏற்ற தொழில் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, வா, வந்து உன் லட்சணத்தைப் பார் என்றாள். மழை விட்டதும் வருவதாகச் சொன்னார். மழை விடவில்லை. மதியத்துக்கு மேல் கரண்டும் போய்விட்டது.

ஏரிப் பக்கமிருந்து வாடைக்காற்று அடிக்க, வெளியே தென்னை ஓலைகள் கூரையை உரசுகிற சத்தமும், தகரத்தில் மழை விழுகிற சத்தமும், எங்கோ ஒரு ஜன்னல் அடித்துக்கொள்கிற சத்தமும் ஒன்றாகக் கலந்து வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தன. ருமானா இறால் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. புளியைப் பிசைவதை நிறுத்தினால் அது கேட்டது, பிசைந்தால் கேட்கவில்லை. மாடு தன் கன்றை நக்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஈரமாக, இழுத்து இழுத்து.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உப்பு ஜாடியை எடுத்துத் திறந்தாள்.

ஜாடி காலி.

போன வாரம்தான் நிரப்பி வைத்திருந்தாள். ஜாடியின் அடியில் ஒரு சின்னக் கை வழித்த தடம் இருந்தது. ருமானா குனிந்தாள். அடைத்த சுவரின் அடியில், பழைய அடுப்பு மேடையின் மூலையில், கல்லுப்பு சிதறிக் கிடந்தது. கொஞ்சம்தான், மிச்சம் மீதி. அதைச் சுற்றி மேடை ஈரமாக இருந்தது. சுவரும் மேடையும் சேருமிடத்தில் பூச்சு தேய்ந்து ஒரு கீறல் விட்டிருந்தது, அதன் விளிம்பு வழுவழுவென்று இருந்தது.

"மர்யம்."

பிள்ளை வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அழ ஆரம்பித்தாள்.

"நீதான் உப்ப எடுத்தியா?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு?"

"வெச்சா உள்ளயே இருக்குதும்மா. வெக்கலன்னா என் ரூம்பு பக்கம் வந்து வந்து பாக்குது."

"எது?"

மர்யமுக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. அவள் சுவரைக் காட்டினாள்.

அப்போது அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், மழையோடு மழையாக ருமானா தெருவில் இறங்கியிருக்க வேண்டும். அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயந்தவள் என்று காட்டிக்கொள்ள அந்த வீட்டில் அவளுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை, கோபத்துக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். பெரிய மச்சான் மேல் வந்த கோபம், ரியாஸ் மேல் வந்த கோபம், எரிகிற கண், நிற்காத இருமல், எல்லாம் கைக்கு இறங்கியது. மர்யமின் வலது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. பிள்ளை பக்கவாட்டில் போய் கதவில் மோதினாள்.

"இனிமே ஒரு கல்லு உப்ப தொட்ட, கைய ஒடைச்சிடுவேன்."

அவளை உள்ளறைக்குள் தள்ளி, வெளியே கொக்கியைப் போட்டாள். மேடையிலிருந்த உப்பை ஈரத்துணியால் வழித்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே மழையில் வீசினாள். கீறலையும் அழுத்தித் துடைத்தாள், ஒரு பருக்கைகூட இல்லாமல்.

செங்கல்வராயன் வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மழைக்கோட்டும் நனைந்த பையுமாக வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். உள்ளே வருவதற்கு முன்பே சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"என் வேலைல கொற சொல்லாதம்மா. உப்பு பூத்தா அதுக்கு நான் பொறுப்பு இல்ல, அன்னிக்கே சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"நல்ல தண்ணி லாரி வரல அன்னிக்கு. நாள வந்து பண்றேன்னேன். பாய்தான், ஏரித் தண்ணியிலயே கலவ போடுன்னாரு. உப்புத் தண்ணியில போட்ட பூச்சு எந்தக் காலத்துல காயும், நீயே சொல்லு."

"பாத்துட்டுப் பேசு," என்றாள் ருமானா.

அவர் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சுவரிடம் போனார். பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். தள்ளி இன்னோர் இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்கக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, காதை வைக்காமல் நிமிர்ந்துவிட்டார்.

"ஒரு வரிசை கல்லு வெச்சேன். அதுக்கு மேல கெட்டியா பூசுனேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப தட்டுனா கல்லே இல்லாத மாதிரி கேக்குது."

உள்ளறைக் கதவு தட்டப்பட்டது. "அம்மா, தொறம்மா."

"வாய மூடு," என்றாள் ருமானா, திரும்பாமல். "நீ சொல்லு கொத்தனாரே. அன்னிக்கு இன்னா பண்ணீங்க ரெண்டு பேரும்?"

அவர் வாசலைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு, யாரோ தன்மேல் பழி போட வருகிற மாதிரி, வேகமாகச் சொன்னார்.

"பொகக்கூண்டு அடைக்கறதுன்னா அதுக்கு ஒரு மொற இருக்குது. கீழ அடுப்ப பத்த வெச்சி, பச்ச வேப்பந்தழைய போட்டு, நல்லா பொக விடணும். உள்ள எது இருந்தாலும் மேல ஏறி ஓடிடும். அது போன அப்பால கீழ்வாய அடைக்கணும், மேல கல்ல கடைசியாத்தான் வெக்கணும். இந்தப் பக்கம் எந்தக் கொத்தனாரக் கேட்டாலும் இதான் சொல்லுவான்."

"அப்ப பொக போட்டீங்களா?"

"நோன்பு நேரம். பகல்ல அடுப்பு ஏது இந்த வீட்ல? சாயங்காலம் கஞ்சி காய்ச்சறதுக்குள்ள வேலைய முடிச்சிக் குடு, பொகையும் வேணா ஒண்ணும் வேணான்னாரு பாய். மழ வர மாதிரி இருக்குது, மேல கல்ல மொதல்ல வெய்யின்னாரு. வெச்சேன்."

"அம்மா." கதவு மறுபடி தட்டப்பட்டது, இப்போது வேகமாக. "அம்மா, தொற. அம்மா."

"அடி வாங்காத மர்யம்." ருமானாவின் கண் கொத்தனாரை விட்டு நகரவில்லை. "அப்புறம்?"

"கடைசிக் கல்லு வெக்க சொல்ல, உள்ள சத்தம் வந்துச்சி. ஒரசுற சத்தம். நான் கைய எடுத்துட்டேன். பாய் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு, அவருக்கும் கேட்டுச்சி. பூனையா இருக்கும், செத்துப் போயிடும், வெய்யின்னாரு."

"பூனையா?"

"பூனைன்னா கத்தும்மா. உசுருக்குப் போராடுற எதுவா இருந்தாலும் கத்தும். அது கத்தல. நான் வெக்கறத கேட்டுக்கினு சும்மா இருந்துச்சி."

ருமானாவுக்குக் காதில் இரைந்தது. நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்கள், இரண்டு ஆம்பிளைகள். கேட்டுவிட்டுக் கல்லை வைத்துப் பூசிவிட்டு, ஒருவர் தொழப் போய்விட்டார், ஒருவர் கூலியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், கூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், உப்பு பூக்கத்தான் செய்யும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சுவத்த ஒட," என்றாள்.

"நாள காலையில வரேன். வெளிச்சத்துல பாப்போம்."

"இப்ப ஒட."

"பாய் தொழுதுட்டு வரட்டும், அவர கேக்காம நான் கைய வெக்க மாட்டேன்மா."

அவர் பையிலிருந்து சுத்தியலை அவளே எடுத்தாள். அவர் தடுக்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முதல் அடியைப் பழைய அடுப்பு மேடையில் அடித்தாள், கை பழகுவதற்காக இல்லை, கோபத்தில் குறி தவறிவிட்டது. செங்கல் தெறித்தது. இரண்டாவதும் மேடையில்தான் விழுந்தது. பெரிய மச்சானின் பல் குத்துகிற முகம், ரியாஸின் 'அண்ணன் இன்னா சொன்னாரு', எல்லாவற்றையும் அந்த மேடையில் போட்டு அடித்தாள். முந்தானை சரிந்தது. முதுகில் வேர்வை ஓடியது. பின்கழுத்தில் முடி ஒட்டிக்கொண்டது. மேடை இடிந்து விழுந்த பிறகுதான் சுவருக்கு வந்தாள்.

உள்ளறைக் கதவு தட்டுவது நின்றுபோயிருந்தது. அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள்.

சுவர் ஒரே அடியில் போய்விட்டது. அடி என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தியல் பட்டதும் முட்டை ஓடு மாதிரி உள்ளே நொறுங்கி விழுந்தது. கல் இல்லை. கலவை இல்லை. ஒரு மெல்லிய தோல் மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது.

உள்ளிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. கரியும் எச்சிலும் கலந்த வாசனையோடு.

ருமானா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை. செங்கல்வராயன் டார்ச்சை நீட்ட, அவள் அதைப் பிடுங்கித் தலையை உள்ளே விட்டாள்.

புகைக்கூண்டு காலி.

ஒரு எலும்பு இல்லை, ஒரு மயிர் இல்லை. எத்தனையோ தலைமுறை அடுப்பு எரிந்த கரி, விரல் கனத்துக்குப் படிந்திருக்க வேண்டியது, ஒரு பொட்டு இல்லை. கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி உள்ளே செக்கச் செவேலென்று இருந்தது. செங்கற்கள் தட்டையாக இல்லை. ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, மாட்டுத் தொட்டியில் வைத்த உப்புக்கட்டி தேய்வது போல் தேய்ந்து, வழுவழுவென்று வெளிச்சத்தில் மின்னின. கீழிருந்து மேலாக. பட்டை பட்டையாக. உயரம் போகப் போக எல்லாச் சுவரிலும்.

"மேல போயிடுச்சா?" என்றார் செங்கல்வராயன். அவரும் குனிந்து, அவள் கையோடு டார்ச்சைப் பிடித்து மேலே திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல. மேல கல்லு அப்டியேதான் இருக்குது."

டார்ச் கீழே இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

எதிர்ப்பக்கம், உள்ளறையைப் பார்த்த சுவரில், முழங்கால் உயரத்தில், ஓர் ஓட்டை. தலை நுழைகிற அளவு. விளிம்பில் ஈரம்.

அந்த ஓட்டை வழியாக ருமானா ஒரு கட்டிலின் காலைப் பார்த்தாள். கீழே விழுந்து கிடந்த ஒரு தலையணையைப் பார்த்தாள். அது நனைந்திருந்தது.

அந்தத் தலையணையை ஒவ்வொரு ராத்திரியும் இழுத்துப் போட்டது அவள்தான்.

நக்குகிற சத்தம் இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருந்தது. அவசரமே இல்லாமல். பிறகு அதுவும் நின்றது.

கொக்கி கையில் நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. வேர்வை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இழுத்தாள். கதவு திறந்தது.

இருட்டு. மழை. ஜன்னலில் மிச்சமிருந்த கொஞ்சம் வெளிச்சம்.

மர்யம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் உட்காரச் சொன்ன மாதிரி. கண் திறந்திருந்தது. அழவில்லை. மூச்சுகூட எண்ணி எண்ணி விடுகிற மாதிரி இருந்தது.

ருமானா ஓடிப் போய் மண்டியிட்டு அவளைப் பிடித்தாள். உயிரோடு இருந்தாள். சூடாக இருந்தாள். இடது கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. வலது கன்னத்தில் கோடு இல்லை. வலது கன்னம் ஈரமாக, பளபளவென்று, பச்சைப்புண் மாதிரிச் சிவந்திருந்தது. தோல் மெலிந்துவிட்டிருந்தது. ஐந்து விரலும் பதிந்த இடம். அந்த விரல் தடங்களையும் காணவில்லை.

"யாரு," என்று கேட்க வந்தாள். அவள் உடம்பை விட்டு ஒருநாளும் நீங்காத அந்தக் கோபத்தை இப்போது உள்ளே எங்கெங்கோ தேடினாள். இல்லை. அது இருந்த இடத்திலிருந்து அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

மர்யம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கொஞ்சம் மேலே. தன் சின்னக் கையைத் தூக்கி ருமானாவின் கண்ணைப் பொத்தினாள்.

"அழாதம்மா," என்றாள், காதுக்கு மட்டும் கேட்கும்படி. "அழுதா கிட்ட வரும்."

ருமானா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள், பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவிடவில்லை. ஆனால் சுத்தியல் அடித்த வேர்வை நிற்கவில்லை. அது பின்கழுத்தில் ஊறி, முதுகில் இறங்கி, ஜாக்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்கு வழி தெரியவில்லை.

ஒட்டியிருந்த முடி மெதுவாக ஒதுக்கப்பட்டது. வெதுவெதுப்பாக, சொரசொரப்பாக, ஒரு கை அகலத்துக்கு, கீழிருந்து மேலாக ஒருமுறை இழுத்தது. கொஞ்சம் நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொருமுறை.